கணினிசார் மொழியியல் ஆய்வுப் பணி யாருக்கு?

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ கணினிசார், அறிதல்சார் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வாளர் பணியிடம் அறிவிக்கப்படும்போதெல்லாம், அந்த அறிவிப்பு சென்னையில் பொறியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில்தான் சுற்றுகிறது. தமிழிலும் மொழியியலிலும் முதுகலை முடித்தவர்களின் கண்ணில் அது படுவதே அரிது. பட்டாலும், பைதான் என்ற நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற வரியைப் படித்தவுடன் ‘இது நமக்கானது இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த வேலைக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அவர்களே என்பது என் கருத்து.

அங்கே நடக்கும் வேலை இதுதான். ஒருவர் திரையில் வாக்கியங்களைப் படிக்கிறார். அவருடைய கண் எந்தச் சொல்லில் எத்தனை மில்லிவினாடி தங்குகிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. மறுபுறம், முன்னால் வந்த சொற்களைக் கொண்டு அடுத்த சொல் எவ்வளவு எதிர்பாராதது என்பதை ‘மொழி மாதிரி’ என்னும் கணினி நிரல் கணக்கிடுகிறது. மொழி ஆய்வாளர்களான ஜான் ஹேல் 2001இலும் ரோஜர் லெவி 2008இலும் முன்வைத்த கோட்பாட்டின்படி, எதிர்பாராத சொல்லில் கண் கூடுதல் நேரம் தங்க வேண்டும். எங்கே தங்குகிறது, எங்கே தங்க மறுக்கிறது, ஏன் என்பதுதான் ஆய்வு.

‘ஆசிரியர் பாராட்டிய மாணவி’, ‘ஆசிரியரைப் பாராட்டிய மாணவி’ என்ற இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். பாராட்டியவர் யார் என்பதை ஓர் ஐகாரம் தலைகீழாக்கிவிடுகிறது. ஆனால் ‘பாராட்டிய’ என்ற பெயரெச்சம் யாரைத் தழுவுகிறது என்பது கடைசிச் சொல் வந்த பிறகே உறுதியாகிறது. ஆங்கிலத்தில் தழுவப்படும் பெயர் முதலிலேயே வந்துவிடும். அங்கே எழுவாயைத் தழுவும் தொடர்களே (அந்தப் பெயருக்கு உரியவரே செயலைச் செய்தவராக இருப்பவை) படிக்க எளியவை என்று பல சோதனைகள் காட்டியுள்ளன. பெயர் பின்னால் வரும் சீன மொழியில் இதே கேள்விக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தமிழிலும் பெயர் பின்னால்தான் வருகிறது, கூடவே வேற்றுமை உருபு முன்கூட்டியே துப்புக் கொடுக்கிறது. அந்த உருபும் எப்போதும் வருவதில்லை. ‘புத்தகம் படித்த மாணவி’ என்று அது மறைந்தும் நிற்கும். சோதனை வாக்கியங்களை எழுதும்போதே இரண்டாம் வேற்றுமைத் தொகை படித்தவர் இந்தச் சிக்கலைக் கண்டுகொள்வார். நிரல் மட்டும் அறிந்தவர் தரவெல்லாம் சேகரித்து முடித்த பிறகு விழிப்பார். இது போதாதென்று, வீட்டில் ‘பாராட்டுன’ என்று பேசுகிறவரின் வாசிப்பு வேகத்தை எழுத்துத் தமிழில் அளந்துவிட்டு, அதைத் தமிழரின் மொழித்திறன் என்று அறிவித்துவிட முடியுமா என்ற கேள்வி தனியாகக் காத்திருக்கிறது.

பைதானை ஆறு மாதத்தில் தேவையான அளவுக்குக் கற்றுக்கொள்ளலாம். புள்ளியியல் அதைவிடக் கடினம். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் தொடரிலக்கண அறிவு இவை இரண்டையும்விட மெதுவாகத்தான் கைவரும். அந்த அறிவு தமிழில் கணினிக்கு எவ்வளவு குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே முறையில் தொடரியல் (வாக்கியத்தில் எந்தச் சொல் எதைச் சார்ந்தது என்ற அமைப்பு) குறியிடும் ‘யுனிவர்சல் டிபெண்டன்சீஸ்’ திட்டத்தில் நெடுநாளாகப் பயன்பட்டுவரும் தமிழ்த் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்களே. அதன் மூலத் தொகுப்பும் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான் உருவானது.

ஊதியத்தையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் இது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அரசு ஊதிய விகிதத்தின் 13ஆம் நிலையில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ, சில இடங்களில் முழுவதுமோ கிடைக்கும், மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் உண்டு. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தொகை பரவாயில்லை, அது ஊதியம் அல்ல, உதவித்தொகை என்பதில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது. (மாதத் தொகை தாமதமானால் யாரிடம் கேட்பது என்று அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

இதற்காக வெளிநாடு போயே தீர வேண்டும் என்றில்லை. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா நூலகமும், பெரும்பாக்கத்தில் செம்மொழி நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும், ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் ஏஐ4பாரத் குழுவும் இருக்கின்றன. தென்சென்னைக்குள்ளேயே எல்லாம் இருந்தும், ஒரே ஆய்வு மாணவருக்குத் தமிழறிஞர் ஒருவரும் கணினிப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து வழிகாட்டுவது இங்கே அபூர்வம். யுஜிசியின் 2022 விதிமுறைகள் வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகின்றன. ஆனால் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ‘தொடர்புடைய பாடத்தில் முதுகலை’ என்ற தகுதி வரியைத் துறைகள் குறுகலாகப் பொருள்கொண்டு, தமிழ் படித்தவரைக் கணினித் துறையிலும், கணினி படித்தவரைத் தமிழ்த் துறையிலும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அந்த ஒரு வரியைத் தளர்த்த நிதி தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.