நிழல் விழும் சித்தப்பா, நன்றாகவே விழும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழும். காலையில் மேற்கே விழும், சாயங்காலம் கிழக்கே விழும், உச்சி வெயிலில் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், ஏனென்றால் அது கருங்கல்லால் கட்டியது, கண்ணாடியால் இல்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, வடக்குப் பக்கம், சண்டிகேசுவரர் சன்னதி அருகே, நாங்கள் 14 பேர் வெயிலுக்கு ஒதுங்கி ஜில்லென்று உட்கார்ந்திருந்தோம். எதன் நிழலில்? அந்த விமானத்தின் நிழலில். அங்கே உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே நீட்டி எங்கள் சித்தப்பா சொல்கிறார், "இந்தக் கோபுரத்தோட நிழல் மட்டும் கீழே விழவே விழாது, இன்னைக்கு வரைக்கும் விஞ்ஞானிகளால கண்டுபிடிக்க முடியல." அத்தனை தலையும் அண்ணாந்து "ஆ" என்றது. ஒரு தலையாவது குனிந்து தரையைப் பார்க்க வேண்டுமே!

"சித்தப்பா, நாம உட்கார்ந்திருக்கிறதே அதோட நிழல்லதான்" என்றேன்.

"அது வேற நிழல்மா."

வேற நிழலாம். பக்கத்து ஊரிலிருந்து வாடகைக்கு வந்ததா? (அது கோபுரமும் இல்லை, கருவறைக்கு மேல் நிற்கும் விமானம். அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.)

இந்தக் கோபம் அந்த நிமிஷத்தில் வந்தது இல்லை. தை பிறந்ததும் சித்தப்பா குடும்பக் குரூப்பில் அட்டவணை போட்டாரே, அன்றைக்கே ஆரம்பித்தது. சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குத் தாம்பரத்தில் வேன். கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர் அரண்மனை, பெரிய கோவில், ராத்திரி லாட்ஜ். ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோவில், கஞ்சனூர், ராத்திரி 10 மணிக்கு வீடு. இதற்கு நடுவில் டிகிரி காபி, மதியச் சாப்பாடு, தலையாட்டி பொம்மை, "போற வழியில ரெண்டே ரெண்டு புடவை". மூன்று சோழர் கோவிலை எப்படி ஒரே பகலில் பார்ப்பது என்று கேட்டதற்கு, "யுனெஸ்கோவே மூணையும் ஒரே லிஸ்ட்லதானே போட்டிருக்கு" என்று பதில் வந்தது. அந்த யுனெஸ்கோகூட 1987இல் பெரிய கோவிலைச் சேர்த்துவிட்டு, மற்ற இரண்டையும் சேர்க்க 2004 வரைக்கும் எடுத்துக்கொண்டது ஐயா. கட்டியவர்களைச் சொல்லவே வேண்டாம். ராஜராஜனில் தொடங்கி இரண்டாம் ராஜராஜன் காலம் வரைக்கும் ஒன்றரை நூற்றாண்டு. நாங்கள் காலைப் பலகாரத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்தோம்.

விக்கிரவாண்டியில் பிரிந்து, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று குலுங்கிக் குலுங்கிப் போய் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கியபோது பத்து மணி ஆகப்போகிறது. "25 நிமிஷம்" என்று சித்தப்பா விசில் ஊதினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த 25 நிமிஷத்தில் பாத்ரூம் வரிசை முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மீதியில் ஓட்டமாக ஓடி வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் போனேன். அங்கே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் கைகூப்பிய அடியார் சண்டேசர், அவர் தலையைச் சுற்றி மாலையைக் கட்டிவிடுகிறார் சிவன். குளித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அப்பா தலை துவட்டிவிடுவாரே, அந்த மாதிரி ஒரு கனிவு கல் விரலில். சண்டேசர் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு அடி தள்ளி நின்றேன். விசில்.

கும்பகோணத்தில் காபிக்கு 50 நிமிஷம். சாமிக்கு 25, காபிக்கு 50. டிகிரி காபி என்று பலகை வைத்த கடையைத் தாண்டாமல் இப்போது தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையிலும் போக முடியாது, அதே பலகையைச் சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் பார்த்தோம், ஆனாலும் கும்பகோணத்திலேயே குடித்தால்தான் குடித்த மாதிரியாம். சரி, குடித்தோம். காபி நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

அதனால் தாராசுரத்துக்குப் போகும்போது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. அங்கே சன்னதிச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாக வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து பார்க்க வேண்டிய சமாச்சாரம். எங்கள் கூட்டம் போனது நேராக அந்தக் காளையும் யானையும் ஒரே தலையில் இருக்கும் சிற்பத்துக்கு. அங்கே நின்ற ஒருவர் "இந்தப் பக்கம் மறைச்சா யானை, அந்தப் பக்கம் மறைச்சா காளை" என்று கையால் மூடி மூடிக் காட்ட, எல்லாரும் ஆளுக்கொரு தடவை மூடிப் பார்த்து, போட்டோ எடுத்து, முடிந்தது தாராசுரம். வெளியே தேர் மாதிரி செய்த மண்டபத்தில் கல் குதிரை மேல் யாரோ ஒரு பையனை ஏற்றி உட்காரவைத்து, "சிரி, சிரி" என்கிறார்கள் பெற்றவர்கள். 800 வருஷத்துக்கு மேல் ஆன குதிரை. வீட்டில் சோபா மேல் செருப்புக்காலோடு ஏறினால் அடிப்பார்கள்தானே இவர்கள்?

இப்படியே ஆத்திரப்பட்டுக்கொண்டு வந்த எனக்கு அரண்மனையில் ஒரு அடி விழுந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

கலைக்கூடத்தில் திருவெண்காட்டுச் செப்புத்திருமேனி இருக்கிறது, ரிஷபவாகனர். 1011இல் செய்தது, பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த வருஷம். பாம்பைக் கட்டிய தலைப்பாகை, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, தெருமுனையில் சிநேகிதனுக்காகக் காத்திருக்கிற மாதிரி ஒரு நிற்பு. ஒரு கையை மட்டும் மடக்கி அந்தரத்தில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் இதற்குள் பொம்மைக் கடைக்குப் போயாயிற்று. சித்தி மட்டும் கால்வலி என்று பின்தங்கி வந்தவர், என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "கை ஏன் இப்படி இருக்கு, எதையோ பிடிச்சுக்கிட்டு இருந்து அது போயிட்ட மாதிரி?" என்று கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே காளை இருக்க வேண்டும். அந்தக் கை காளையின் மேல் சாய்ந்திருக்கும் கை. காளை இல்லை, சாய்வு மட்டும் மிச்சம். சித்திக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டு நிமிஷம் சும்மா நின்று பார்த்தார், அவ்வளவுதான். நான் வாயெடுத்தேன், "அது வந்து சித்தி..."

விசில். அரண்மனை முற்றத்துக்கே கேட்கிற விசில். சித்தி ஓடினார். சித்தப்பா விசில் ஊதினால் சித்தி முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம்தான் பெரிய கோவில். முன்வாசலான கேரளாந்தகன் வாசலிலேயே தொடங்கியது சித்தப்பாவின் கதாகாலட்சேபம். பதவியில் இருப்பவர்கள் முன்வாசல் வழியாக வந்தால் பதவி போய்விடும். (எங்கள் வேனில் பதவியில் இருந்தவர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரான என் மாமா ஒருவர்தான். யோசித்துவிட்டுத்தான் நுழைந்தார்.) நந்தி வளர்ந்துகொண்டே போனது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். அந்த நந்தியே நாயக்கர் காலத்தது, ராஜராஜன் அதைப் பார்த்ததே கிடையாது. உச்சியில் 80 டன்னில் ஒரே கல். அது பல கற்களைச் சேர்த்துக் கட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. விமானத்தின் வடக்குப் பக்கம் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தலை இருக்கிறதே, அது ராஜராஜனின் ஞானதிருஷ்டியாம், வெள்ளைக்காரன் வருவான் என்று முன்பே தெரியுமாம். தெரிந்திருந்தால் தடுத்திருக்க மாட்டாரா? பிற்காலத்தில் வைத்தார்கள் என்று நினைப்பதில் என்ன கஷ்டம்? அதற்குப் பிறகு சுரங்கப்பாதை. சுரங்கப்பாதை இல்லாத பழைய ஊர் ஏதாவது தமிழ்நாட்டில் உண்டா சொல்லுங்கள், எல்லாப் பாதையும் உண்மையாக இருந்தால் நாம் பஸ்ஸுக்கே காசு கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், அந்தக் கோவில் தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. கல்லிலே, தமிழிலே. வேறு எந்த ராஜா இவ்வளவு கணக்கு எழுதி வைத்தான்? "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்", மற்றவர்கள் கொடுத்ததும், எல்லாவற்றையும் விமானத்தில் கல்லிலே வெட்டு என்கிறான் ராஜராஜன். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, பெண்டாட்டிகள் கொடுத்தது, ஊரார் கொடுத்தது, எல்லாம் ஒரே சுவரில். ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான், எடை 3,083 பலம். நாள் இருக்கிறது, எடை இருக்கிறது. ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அதை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். வெவ்வேறு ஊர்க் கோவில்களிலிருந்து கூட்டிவந்த 400 ஆடல் பெண்கள், ஒவ்வொருத்தியின் பெயரும், எந்தக் கோவிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று எழுதியிருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். நாவிசன் (முடிதிருத்துபவர்) உண்டு, தையற்காரன் உண்டு, கணக்கன் உண்டு, குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஊரின் சம்பளப் பட்டியல் கண் எதிரே இருக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயமா அந்த விழாத நிழல்?

நான் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கல்வெட்டு வாசிக்கத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறேன். முழுதாக ஒரு வரி வாசிக்க எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும். அந்த வடக்குச் சுவரில் ஒரு வரியாவது வாசித்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போய் நின்றால், நான் பார்க்க வேண்டிய எழுத்தின் மேல் ஒரு பையன் முதுகைச் சாய்த்து, ஒரு காலைப் பின்னால் மடக்கிச் சுவரில் ஊன்றி, குளிர்கண்ணாடியைச் சரிசெய்கிறான். இரண்டு தம்பிகள் கோணம் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். "தம்பி, அது கல்வெட்டு" என்றேன். "சூப்பர்க்கா, நல்ல பேக்ரவுண்டு" என்றான்.

அவன் நகர்ந்து நான் குனிந்தபோது சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இது ட தானே? இது ப?" என்று விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே ஓட்டினார். ஆமாம், அந்த இரண்டும் அன்றைக்கும் இன்றைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் "நாம்" வரைக்கும் வந்திருப்போம். சித்தப்பா குரூப் போட்டோவுக்கு விசில் ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. லாட்ஜில் காலையில் வெந்நீர் வரவில்லை, நாலு கோவிலிலும் வரிசை, நாலிலும் செருப்பு தேடினோம்.

ராத்திரி வேன் செங்கல்பட்டு தாண்டும்போது சித்தப்பா குரூப்பில் அந்த போட்டோவைப் போட்டார். "நிழல் விழாத அதிசயக் கோபுரம், குடும்பத்தோடு தரிசனம், அதிகம் பகிரவும்." எங்கள் 14 பேரின் முகமும் கருகருவென்று இருட்டு. பின்னால் தூரத்தில் திருச்சுற்றின் கிழக்குக் கோடி மட்டும் மஞ்சள் வெயிலில் பளீரென்று இருக்கிறது. 31 பேர் கைகூப்பி இருக்கிறார்கள். "போட்டோ ஏன் இருட்டா இருக்கு?" என்று அத்தை கேட்டதற்கு, "போன் பழசு" என்று பதில்.

மாசியில் அடுத்த ட்ரிப்பாம். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, இரண்டே நாள், ஆளுக்கு 500 ரூபாய் முன்பணம். நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, நீல டிக் மட்டும் விழுந்துவிட்டது.

குரூப்பில் போடாமல் சித்தி எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "ஏண்டி, அந்தக் கைக்குக் கீழே என்ன இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லையே?"