விரதத்தின் மூன்றாம் நாள்

தைப்பூசம் நெருங்கினால் கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சு: "இனிமே குடியைத் தொடமாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணிட்டாரு." நல்லதுதான். ஆனால் காலையில் முதல் மடக்கு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மது மூளையை அமுக்கும். வருஷக்கணக்கில் அமுக்கினால் மூளையும் ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். சரக்கு திடீரென்று நின்றால் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. முதல் நாளே நடுக்கம், வியர்வை, வாந்தி. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் எறும்பு ஊருதுன்னு தட்டுவார், போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார். உடனே செய்வினை என்று எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறோம். தேட வேண்டியது ஆம்புலன்ஸுக்கான 999.

அதனால் நிறுத்துவதற்கு முன்பே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "கொஞ்சம்தான் டாக்டர்" என்பது அங்கே உதவாது. 40 சதவீதச் சரக்கு 150 மில்லி என்றால் 320 மில்லி பியர் கிட்டத்தட்ட 4 கேனுக்குச் சமம். போத்தல் அளவு, கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வலிப்பு வந்ததா, மூன்றையும் சொல்லுங்கள். முன்பு வலிப்பு வந்தவருக்கு வார்டுதான் சரி.

பெரும்பாலும் மூளையின் வேகத்தை அமர்த்தும் டயஸெபம் மாத்திரை கொடுத்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதோடு குடியையும் சேர்த்தால் மூச்சு அடங்கிவிடும். மாத்திரை வீட்டார் கையில் இருக்கட்டும். சாப்பாடில்லாமல் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். தெம்புக்கு என்று வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் மிச்ச பி1-உம் கரைந்து, கண் ஆட்டம், தள்ளாட்டம், மறதி என்று மூளையில் போய் நிற்கும். பி1 ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இதெல்லாம் முதல் வாரத்துக்குத்தான். பிறகு ஆசையை அடக்க நால்ட்ரெக்ஸோன் உண்டு. கல்லீரல் பரிசோதனை வேண்டும், ஹெராயின் பழக்கத்தை விட மெத்தடோன் எடுப்பவருக்கு ஆகாது. இன்னொன்று டைசல்ஃபிராம், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து. குடிகாரருக்குத் தெரியாமல் அதைக் குழம்பில் கலக்கும் வழக்கம் இருக்கிறதே, அது எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். தெரியாமல் ஒரு கிளாஸ் அடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, பிரஷர் விழுந்துவிடும். நிறுத்திய பிறகும் அந்த மருந்து 2 வாரம் வரை வேலை செய்யும்.