பாயிண்ட் பார்க்கத் தெரிந்தவனின் தட்டு

எனக்குச் சோறு போடுவதே மாவுச்சத்துதான். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வந்து இறங்கியதும் அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து பாயிண்ட் போடுவார்கள். மாவு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காசு. 28 பாயிண்ட் வந்தால் விவசாயி டீ வாங்கித் தருவார், 22 வந்தால் அன்றைக்குத் தகராறு. இப்படி லோடு லோடாகப் பாயிண்ட் எழுதிய நான், என் தட்டில் எத்தனை பாயிண்ட் ஏறுகிறது என்று 46 வயது வரை பார்த்ததே இல்லை.

ரத்தப் பரிசோதனை அதைப் பார்த்துச் சொன்னது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 262, எடை 88 கிலோ. "6.5 வந்தா சர்க்கரை நோய்னு எழுதிடுவேன். இப்போதைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் யூடியூப்பைத் திறந்தேன். எல்லோரும் 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்றார்கள். அட, இவ்வளவுதானா! அம்மா மாதம் தவறாமல் கிருத்திகைக்கு ஒரு பொழுது இருக்கிறவர். விரதம் நம் வீட்டுக்குப் புதிதா என்ன? காலை டிபனை விட்டேன். மதியம் 12 மணிக்குச் சாப்பிட ஆரம்பித்து, இரவு 8 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு.

12 மணிக்கு நான் சாப்பிட்டதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பசித்த வயிறு, மலைபோல் சோறு, சாம்பார் ஒரு முறை, ரசம் ஒரு முறை, மோர் ஒரு முறை. ஐந்தரைக்கு மில்லிலிருந்து திரும்பும் வழியில் தட்டுவடை செட் ஒரு பிளேட், கூட ஒரு நொறுக்கல். இரவு ஏழே முக்காலுக்கு, எட்டு அடிப்பதற்குள் அவசர அவசரமாக ஐந்து தோசை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கை நடுங்கும், லெட்ஜரில் எண் மங்கும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். மூன்று மாதத்தில் ஒரே ஒரு கிலோதான் குறைந்தது. டிரைகிளிசரைடு அசையவே இல்லை.

அப்போதுதான் மில்லில் நவராத்திரி லோடிங் நடந்துகொண்டிருந்தது. மகாராஷ்டிராவுக்கு லாரி லாரியாக ஜவ்வரிசி போகும். அங்கே ஏகாதசி, நவராத்திரி விரதம் என்றால் சாபுதானா கிச்சடிதான். அரிசி, கோதுமை ஆகாது, ஜவ்வரிசி ஆகும். 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் கிட்டத்தட்டப் பூஜ்யம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கைக் குறை சொன்னால் நாளைக்கு எனக்குச் சம்பளம் வராது, ஆனாலும் லாரி ரசீது எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, கடைசியில் மாவை அள்ளிப் போட்டு முடிக்கிறார்கள். நானும் மூன்று மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதைச் சாப்பிட்டு முடித்தாய் என்று கேட்க ஆளில்லை.

அதன் பிறகு தட்டை மாற்றினேன். மதியம் ஒரு மணிக்கு மூன்று முட்டை, ஒரு பெரிய கிண்ணம் கீரை அல்லது கோஸ் பொரியல், தயிர், சோறு ஒரே ஒரு கரண்டி. இரவு ஏழு மணிக்குக் கோழியோ மேட்டூர் டேம் மீனோ. வெள்ளி, செவ்வாயில் பன்னீர், ஊற வைத்த வேர்க்கடலை. இது மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைக்கும் கீட்டோ அளவுக்குக் கடுமையானதில்லை. ஒரு நாளைக்கு 100 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்பேன், அவ்வளவுதான்.

முதல் வாரம் இரண்டரை கிலோ இறங்கியது. ஆடிப் பாடாதீர்கள், அது தண்ணீர். கல்லீரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சரக்கான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சரக்கு காலியானால் தண்ணீரும் போகும், அதோடு உப்பும் போகும். நான்காம் நாள் மண்டையிடி வந்தது அதனால்தான். மோரில் உப்புப் போட்டுக் குடித்ததும் தேவலையாயிற்று. (பிபி மாத்திரை போடுகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.)

ஆச்சரியம் மூன்றாவது வாரம் வந்தது. காலை பத்து மணிக்குக் கை நடுங்கவில்லை, பசியே தெரியவில்லை. ஏற்காட்டுக் காபித்தூளில் சர்க்கரை இல்லாத வரக்காப்பி ஒரு டம்ளர் போதுமாக இருந்தது. காபிச் செடியை 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. எனக்குப் புரிந்த கணக்கு இதுதான். இரவு ஐந்து தோசை சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், அதை இறக்க இன்சுலின் ஏறும், கொழுப்பைக் கரைக்கும் கதவு சாத்திக்கொள்ளும். காலையில் உடம்பு அடுத்த லோடை எதிர்பார்த்து வாசலில் நிற்கும். மாவு குறைந்தால் அந்த ஏற்ற இறக்கம் குறைகிறது, உடம்பு சீக்கிரமே கொழுப்பைத் தொடுகிறது. பட்டினி நேரம் தண்டனையாகத் தெரிவதில்லை. லோ கார்ப், அதாவது மாவைக் குறைத்த சாப்பாடு மட்டும் இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கும் எடை குறைந்திருக்கிறது, தெரியும். எனக்கு இரண்டும் சேர்ந்தபோதுதான் சுலபமாக இருந்தது. இரவு எட்டுக்கு மேல் அடுக்களை மூடிவிட்டது என்றால் வேர்க்கடலையைக்கூட கொறிக்க முடியாதல்லவா!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. "16 மணி நேரத்தில் செல் எல்லாம் சுத்தமாகிவிடும், நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. செல் தன் பழைய பாகங்களைத் தானே கரைத்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி பற்றிய ஆராய்ச்சிக்காக 2016-ல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கொடுத்தது உண்மை. அவர் அந்த ஆராய்ச்சி செய்தது ஈஸ்ட் செல்களில். மதியம் 12 மணிக்குச் சாப்பிடுங்கள் என்று அவர் யாருக்கும் சீட்டு எழுதித் தரவில்லை. 2022-ல் சீனாவில் குண்டான 139 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கலோரியைக் குறைத்துவிட்டு, பாதிப் பேரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிடச் சொன்னார்கள். அவர்கள் 8 கிலோ குறைந்தார்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ. உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றுதான் முடித்தார்கள். கடிகாரம் மட்டும் தனியாக வேலை செய்யாது என்பதை நான் தட்டுவடை தின்று கண்டுபிடித்தேன், அவர்கள் ஒழுங்காகக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்று, சிறுதானியம். "சாமைச் சோறு சாப்பிடறேன், அதனால லோ கார்ப்" என்று ஏற்காட்டு நண்பர் ஒருவர் சொல்கிறார். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் 100 கிராம் சாமையிலும் 65 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. நாட்டுச் சர்க்கரை பற்றி நான் பேசவே போவதில்லை, சண்டை வரும்.

இப்போது நான் செய்த தவறு. எட்டு மாதத்தில் 88 கிலோ 77 ஆனது, ஹெச்பிஏ1சி 5.6, டிரைகிளிசரைடு 138. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் மட்டும் கொஞ்சம் ஏறியது, அதற்கு டாக்டர் முகம் சுளித்தார், இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கல்யாண வீடு, காதுகுத்து என்று போன இடமெல்லாம் எல்டிஎல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அளந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். பத்து வருடமாகச் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறவர்.

போன மே மாதம் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு வேன் பிடித்துப் போனோம். ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் சித்தப்பா ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார். வேன் சுற்றுவதால் தலைசுற்றல் என்று நினைத்தோம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சித்திதான் சொன்னார்: "காலைல மாத்திரை போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடல. நீ சொன்ன விரதம்னு நேத்து ராத்திரியும் வெறும் முட்டைதான்." வண்டியை ஓரங்கட்டி, பையில் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த மாம்பழ ஜூஸைக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில், "எதுக்கு வண்டிய நிறுத்தினீங்க?" என்று கேட்டார். எனக்குத்தான் அன்று முழுக்கக் கால் தரிக்கவில்லை.

நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும் மாத்திரை கிளிமிபிரைடு. வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் அதே ஆபத்து. டாபாக்ளிஃபுளோசின், எம்பாக்ளிஃபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஆபத்து வேறு மாதிரி: மாவை மிகவும் குறைத்துப் பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாததால் சட்டென்று சந்தேகமும் வராது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாத்திரை போடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் மாத்திரையின் அளவைப் பேசிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். சித்தப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். பட்டினி இல்லை, மூன்று வேளையும் சாப்பாடு, சோறு மட்டும் பாதி. டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்.

அம்மாவுக்கும் சொல்லிப் பார்த்தேன். கிருத்திகை விரதம் முடிந்து இரவில் இட்லி ஐந்து, கேசரி, ஜவ்வரிசிப் பாயசம் என்று சாப்பிடுவார். "விரதத்த நான் குறை சொல்லலம்மா, முடிக்கறப்ப கொஞ்சம் பார்த்துச் சாப்பிடு" என்றேன். போன கிருத்திகைக்கு இட்லி இரண்டாகியிருந்தது. பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல், கேசரியைக் காணோம். பாயசம் மட்டும் வழக்கம்போல் டம்ளர் நிறைய இருந்தது. நான் டம்ளரைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"நீ கணக்கு எழுதற மில்லு ஜவ்வரிசிதான கண்ணு. நாமளே வாங்கலைன்னா எப்படி?"