சீட் மணிக்கு நாம் கேட்கும் கணக்கு சரியா?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும், தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவும், தங்கள் ஆசிரியர்களுக்கு ஆய்வைத் தொடங்குவதற்கென்று ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்குகின்றன. தொடக்க நிதி என்பதே பொருளானாலும், சீட் மணி (seed money) என்றே எல்லோரும் அதைச் சொல்கிறோம். ஆசிரியர்களுக்கு இத்தகைய நிதியாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்வி, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) நடத்தும் தரமதிப்பீட்டின் மூன்றாம் அளவுகோலில் இடம்பெற்றிருப்பது இந்த ஆர்வத்துக்கு ஒரு முக்கியக் காரணம். காரணம் எதுவாக இருந்தாலும் பணம் வருவது நல்லதுதான். என் மனக்குறை தொகையைப் பற்றியதன்று; அந்தப் பணத்துக்கு ஆண்டு முடிவில் நாம் கேட்கும் கணக்கைப் பற்றியது. ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழ்களில் எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்று கேட்கிறோம். இதைக் கொண்டு எந்த வெளி நிறுவனத்துக்கு ஆய்வு முன்மொழிவு அனுப்பினீர்கள், அதற்கு மதிப்பீட்டாளர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பதே இல்லை.

இதன் விளைவை எந்தத் துறையிலும் பார்க்கலாம். இரண்டு லட்சம் ரூபாயும் ஓராண்டுக் கெடுவும் இரண்டு கட்டுரை என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தால், புத்தியுள்ள எந்த ஆசிரியரும் புதிய கேள்வி ஒன்றைத் தொடமாட்டார். தம் முனைவர் பட்ட ஆய்வின் மிச்சத்தை எடுத்து, ஒரு வேதிப்பொருளை மாற்றியோ ஒரு மாவட்டத்தைக் கூட்டியோ, கட்டுரையை முடித்துக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி அப்படித்தான் கேட்கிறது. ஆனால் வெளி நிதி நிறுவனம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். அதே சமயம் அந்த விடையை இவரால் நெருங்க முடியும் என்பதற்கு முதற்கட்டச் சான்றும் இருக்க வேண்டும். அந்தச் சான்றைத் திரட்டத்தான் பல்கலைக்கழகத்தின் சிறு பணம் தேவைப்படுகிறது.

அறிவியல் துறைகளில் இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் பெரிய கருவிகளுக்கானது அல்ல. ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் (SAIF) போன்ற பொதுப் பகுப்பாய்வுக் கருவி மையங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம் செலுத்தி, நிறமாலை முடிவுகளைப் பெறலாம். கொஞ்சம் வேதிப்பொருள், பகுதிநேரமாக ஒரு திட்ட உதவியாளர், உடன் ஆய்வாளராகச் சேரக்கூடிய ஒருவரின் ஆய்வகத்துக்கு இரண்டு முறை சென்றுவரும் செலவு, இவ்வளவுதான். சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அமைப்பான ஐசிஎஸ்எஸ்ஆருக்கு (ICSSR) எழுத நினைப்பவருக்கு, தம் வினாப்பட்டியலை நாற்பது ஐம்பது வீடுகளிலாவது கேட்டுப் பார்த்து, எந்தக் கேள்வி மக்களுக்கே விளங்கவில்லை என்று தெரிந்துகொள்ளும் முன்னோட்டக் கள ஆய்வு வேண்டும். இந்தச் செலவுகள் எதுவும் உடனே கட்டுரையாக மாறுவதில்லை. ஆனால் முன்மொழிவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படமாகவோ அட்டவணையாகவோ உட்காரும்போது, படிக்கிற மதிப்பீட்டாளரின் பார்வை மாறுகிறது.

காலக்கெடு இதைவிடப் பெரிய சிக்கல். அறிவியல், பொறியியல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கிவந்த மத்திய அரசின் பழைய எஸ்இஆர்பி (SERB) வாரியம் இளம் ஆசிரியர்களுக்கென வைத்திருந்த தொடக்க ஆய்வு மானியம் இரண்டு ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் வரை கொடுத்தது. நிரந்தரப் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை அந்த வாரியத்தின் இடத்துக்கு வந்துவிட்டது, திட்டங்களின் பெயர்களும் மாறிவிட்டன. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கென்று தனி வாசல் வைத்து, அதைச் சில ஆண்டுகளில் மூடிவிடும் முறை மாறவில்லை. ஐஐடிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்குச் சேர்ந்த கையோடு தொடக்க நிதி கிடைக்க வழி இருக்கிறது. நம் மாநிலப் பல்கலைக்கழகத்திலோ விண்ணப்பம் துறைத்தலைவர், ஆய்வுப் புலத் தலைவர், பதிவாளர், நிதி அலுவலர் என்று நடந்து, ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, ஆணையாக வெளிவருவதற்குள் ஓராண்டு போய்விடுகிறது. துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் நடத்தும் இடங்களில் இன்னும் மோசம். பணம் கையில் வரும்போது வெளி வாசல் பாதி மூடியிருக்கிறது.

வந்த பணத்தை மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஜனவரியில் வந்த தொகையை மார்ச்சுக்குள் செலவழிக்க ஒரே வழி எதையாவது வாங்குவதுதான். ஆகவே மடிக்கணினியும் பிரிண்டரும் வாங்கப்படுகின்றன. மாதிரிச் சோதனைக் கட்டணத்துக்கு மூன்று விலைப்புள்ளி எங்கே என்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணை எழுப்பினால் அதற்குப் பதில் எழுதி மாளாது என்பதால், பிரிண்டரே பாதுகாப்பானது என்று அனுபவசாலிகள் அறிவுரை சொல்வதையும் கேட்டிருக்கிறேன். நிதியாண்டைக் கடந்து, பதினெட்டு மாதங்களுக்குச் செலவழிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தாலே இதில் பாதி சரியாகும்.

பணத்தோடு நேரமும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணிநேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். காலிப் பணியிடங்கள் குவிந்துள்ள துறைகளில் நடைமுறையில் இது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை; தேர்வுப் பணியும் தரமதிப்பீட்டுக் கோப்புகளும் தனி. ஒரு நல்ல முன்மொழிவை எழுதி முடிக்கத் தொடர்ச்சியான பல வாரங்கள் வேண்டும். தொடக்க நிதி பெறுபவருக்கு ஒரு பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து, அதற்கு ஒரு கௌரவ விரிவுரையாளரை அமர்த்தும் செலவையும் அந்த நிதியிலேயே அனுமதித்தால், வேறெந்தச் சலுகையையும்விட அது பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

முன்மொழிவையே கணக்காகக் கேட்டால், கடமைக்கு ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு ரசீதைக் காட்டுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அனுப்புவதற்கு முன் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்று வைத்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம்: ஒருவர் நிதி நிறுவனங்களின் நிபுணர் குழுக்களில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், மற்றவர் வேறு துறைக்காரர். இரண்டாமவருக்கே விளங்காத முன்மொழிவு பெரும்பாலும் குழுவிலும் விளங்காது. முதலாமவருக்கு மதிப்பூதியம் கொடுக்க நம் நிதி அலுவலகங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே தாமதமான நாட்களையும், 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் வருமான வரித் துறையால் முடக்கப்பட்டதையும் நாம் பார்த்தோம். ஆனால் வெளித் திட்டங்கள் வரும்போது அவற்றுடன் மேல்செலவுத் தொகை (overhead) என்று நிர்வாகச் செலவுக்கான ஒரு பங்கு நிறுவனத்துக்கு வருகிறது. அது இன்று பல இடங்களில் பொதுக் கணக்கில் கலந்து மின் கட்டணமாகக் கரைகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கையாவது தனிக் கணக்கில் வைத்து, தொடக்க நிதிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போடலாம். அந்தக் கணக்கிலிருந்து முதலில் கொடுக்க வேண்டியது புதியவருக்கு அல்ல என்றும் சொல்வேன். முன்மொழிவு அனுப்பி, நிராகரிக்கப்பட்டு, மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான். எந்தச் சோதனை குறைகிறது, எந்தத் தரவு போதவில்லை என்று அவருக்கு எழுத்திலேயே தெரிந்திருக்கிறது. அதைச் செய்து முடித்து அடுத்த அழைப்புக்கு மீண்டும் அனுப்ப, பெரும்பாலும் ஐம்பதாயிரம் ரூபாயே போதும்.