"கீழ கான்கிரீட், மேல ஸ்டீல் போட்டா நிலநடுக்கம் ஒண்ணும் பண்ணாது"ன்னு சுத்துற மெசேஜ் தப்பு

ரெண்டு மெட்டீரியலோட பலமும் சேர்ந்துடும்னு அந்த மெசேஜ்ல போட்டிருக்காங்க, தயவுசெஞ்சு இத நம்பி வீட்டுக்கு மேல மாடி ஏத்தாதீங்க. பலம் அப்படி கூடாது, ஒண்ணு மாறி இன்னொண்ணு ஆரம்பிக்கிற அந்த எடம்தான் பெரும்பாலும் முதல்ல போகும்.

1995ல ஜப்பான்ல கோபே நிலநடுக்கம் வந்தப்ப நகராட்சியோட 8 மாடி பழைய கட்டடம் ஒண்ணுல 6வது மாடி மட்டும் அப்படியே நசுங்கிப் போச்சு, கீழயும் மேலயும் இருந்த மாடிங்க நின்னுச்சு, ஏன்னா கீழ் மாடி தூண்ல கான்கிரீட்டுக்குள்ள ஸ்டீல் செக்‌ஷன் இருந்துச்சு, அது மேல போகப்போக வெறும் கம்பி கட்டின கான்கிரீட்டா மாறுச்சு, மாறுற எடத்துல உறுதி டக்குனு கொறஞ்சிருச்சு.

இன்னொன்னு, கீழ விறைப்பா இருந்து மேல லேசா வளையுற ஃபிரேம் இருந்தா சாட்டை நுனி மாதிரி மேல ஆட்டம் அதிகமாகும், அந்த விசை பூரா பேஸ் பிளேட் (ஸ்டீல் தூணோட அடில இருக்குற தகடு), ஆங்கர் போல்ட் (அந்தத் தகட்ட கான்கிரீட்டோட பிடிக்கிற போல்ட்) வழியாத்தான் கீழ எறங்கணும்.

கலந்து கட்டவே கூடாதுன்னு சொல்லல. அமெரிக்காவோட ஏஎஸ்சிஇ 7 விதில (கட்டடம் எவ்வளவு சுமை, நிலநடுக்கம் தாங்கணும்னு சொல்ற விதி) மேல் பாகத்த தனியா கணக்கு பண்ணணும்னாலே கீழ் பாகம் மேல் பாகத்த விட கொறஞ்சது 10 மடங்கு விறைப்பா இருக்கணும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு போட்டுப் பாக்காம பண்ணாதீங்க.