பல்லாரட் ஏரிக்கரையில் ஒரு பெயர்ச்சுவர்

மெல்பர்னுக்கு யார் வந்தாலும் தங்கச் சுரங்கம் காட்ட பல்லாரட்டுக்கு அழைத்துப் போகிறோம். அப்படியே வெண்டூரி ஏரிக்கரைக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டிகள் நடந்த ஏரி. அதை ஒட்டிய தாவரவியல் பூங்காவில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் நினைவகம் இருக்கிறது. 2004இல் திறந்தார்கள்.

நீண்ட கறுப்பு கிரானைட் சுவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் முதல் கொரியப் போர் வரை எதிரியிடம் சிக்கிய 35,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், அகர வரிசையில். ஸ்மித்துகள் மட்டுமே வரிசை வரிசையாகப் போகிறார்கள். உயிரோடு திரும்பியவர்களும் இதில் உண்டு. திரும்பாதவர்களின் உடலை அன்றைய அரசு ஊருக்குக் கொண்டுவரவில்லை, செத்த நாட்டிலேயே புதைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குத் தொட்டுப் பார்க்க இந்த எழுத்துகள்தான்.

இந்தப் பெயர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்தவர்கள். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. ஆஸ்திரேலியர்கள் மட்டும் சுமார் 2,800 பேர் அங்கே இறந்தார்கள். அதே பாதையில், அதே காலராவில், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களுக்கு ஏன் இப்படி ஒரு சுவர் இல்லை?

பட்டாளத்துக்குப் பதிவேடு இருந்தது. முகாமிலேயே அதிகாரிகள் ஒளித்து ஒளித்து இறந்தவர் கணக்கை எழுதினார்கள், போர் முடிந்ததும் அதை வைத்துக் கல்லறைகளைத் தேடினார்கள். நம் ஆட்களுக்கு அங்கே அப்படி அதிகாரிகள் இல்லை, டாக்டரும் அநேகமாக இல்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற ஆளின் பேரைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தினமும் எழுதினார். சம்பளம் பிடிக்க அந்தப் பேர் தேவைப்பட்டது. செத்த பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

அதனால் இன்னொரு சிலை, இன்னொரு மண்டபம் என்று யாராவது நன்கொடை கேட்டால் எனக்கு உற்சாகம் வருவதில்லை. முதலில் பட்டியல் வேண்டும். மலேசியாவில் தாத்தாவின் பேரும் தோட்டத்தின் பேரும் சொல்லக்கூடிய வயசாளிகள் இன்னும் இருக்கிறார்கள். பேர், தோட்டம், ஊர், கிளம்பிப்போன வருஷம், இவ்வளவு போதும்.

சண்டை போட்ட சிப்பாயையும் கூலியையும் ஒன்றாக வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பல்லாரட் சுவரில் இருப்பவர்களும் சண்டையில் ஜெயித்ததற்காக அங்கே இல்லையே. பிடிபட்டு, பசியோடு மண் சுமந்தவர்கள்தான் அதில் பாதிப் பேர்.