வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பாத்திரங்கள்

கதையின் நாயகனாகவோ நாயகியாகவோ நாமே ஆடும் ரோல்-பிளேயிங் கணினி விளையாட்டுகளில் வரும் எல்லாப் பாத்திரங்களும், நாம் ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும், நம்மைக் காதலிக்கத் தயாராக இருக்கவேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரில் நிற்கும் பாத்திரத்துக்கு "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால்தான் அது சம்மதிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி.

காரைக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. எங்கள் நகரத்தாரில் வரன் வந்தால் முதலில் கேட்பது எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் என்பதுதான். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். பேச்சு அத்துடன் முடிந்தது. பொருந்தி வந்தால் இரண்டு வீட்டுக் கோயில்களிலிருந்தும் மாலை வரும், மணமான ஆண் கோயில் கணக்கில் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், ஆவான். பேச்சு முகப்பில் நடக்கும், பெண் உள்கட்டில் இருப்பாள். சாதகமும் சீரும் ஒத்துவந்த பிறகு கடைசியாக அவளைக் கேட்பார்கள். என் ஆயாவை அப்படிக்கூட யாரும் கேட்கவில்லை. இன்று பல வீடுகளில் உண்மையாகவே கேட்கிறார்கள், பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் 2014இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. அதில் காதலிக்கக்கூடியவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் தனி விருப்பம் உண்டு. ஜோசபினும் அயர்ன் புல்லும் யாரையும் ஏற்பார்கள். சேரா பெண்களை மட்டும், டோரியன் ஆண்களை மட்டும். பெண் நாயகியாக ஆடி கசாண்ட்ராவிடம் ஆசையாகப் பேசிப் பாருங்கள். அவள் நம்மைத் தனியே அழைத்து, பெண்கள் மீது தனக்கு அந்த நாட்டம் இல்லை என்று கௌரவமாகச் சொல்லிவிடுவாள். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் அவள் எனக்கு முழு மனுஷியாகத் தெரிந்தாள்.

டோரியனின் கதை இன்னும் ஆழமானது. அவன் பிறந்த நாட்டில் மந்திரவாதக் குடும்பங்கள் வம்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சம்பந்தம் செய்கின்றன. அவனுக்கும் பெண் பார்த்துவிடுகிறார்கள். அவன் மறுக்கிறான். பெற்ற தகப்பனே ரத்த மந்திரத்தால் மகனின் இயல்பை மாற்றத் துணிகிறார். அது தெரிந்ததும் அவன் வீட்டைவிட்டு ஓடிவருகிறான். பின்னால் தந்தையும் மகனும் நேருக்கு நேர் சந்திக்கும் கட்டத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தேன். டோரியன் யாரை வேண்டுமானாலும் காதலிக்கலாம் என்று வைத்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது. பெண் நாயகிக்கு அவன் கிடைக்கமாட்டான் என்பதில்தான் அவன் உயிர் இருக்கிறது.

மறுப்பு வேறு, புறக்கணிப்பு வேறு என்பதையும் சொல்லியாகவேண்டும். 2000இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 2' விளையாட்டில் ஆணாக ஆடுபவருக்கு ஜஹைரா, ஏரி, விகோனியா என்று மூன்று காதல் கதைகள். பெண்ணாக ஆடுபவளுக்கு அனோமன் மட்டும். இதில் எந்தப் பாத்திரத்தின் மனமும் பேசவில்லை. பெண்ணாக ஆடுபவர்களுக்கு அது போதும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்குவிசிஷனில் நிலைமை நேர்மாறு: எல்ஃப் என்ற கற்பனை இனத்துப் பெண்ணாக ஆடினால் ஆறு பேர், ஆணாக ஆடினால் நான்கு பேர். தொடக்கத் திரையில் "ஆணா, பெண்ணா" என்று கேட்கும் விளையாட்டு, இரண்டு பதிலுக்கும் சமமாக உழைத்திருக்கவேண்டும். உழைத்த பிறகு பாத்திரங்கள் மறுக்கட்டும்.

மறுப்பிலும் இரண்டு வகை உண்டு. 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' விளையாட்டில் அலிஸ்டர் அரசனாகும்போது அவனை மணந்து ராணியாக முடிவது மனித குலத்துப் பிரபு வீட்டுப் பெண்ணால் மட்டும்தான். எல்ஃப் பெண்ணாக அவனைக் காதலித்தவள் அரியணைக்கு வெளியே நிற்கவேண்டும். அவன் மனம் அவளிடம் இருக்கிறது, பிறப்பு குறுக்கே நிற்கிறது. கசாண்ட்ராவின் மறுப்பு என்னை அமைதிப்படுத்தியது, அலிஸ்டரின் மறுப்பு என்னைக் கொதிக்கவைத்தது. இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம், பயோவேர். கொதிக்கவைத்ததையும் நல்ல எழுத்து என்றே சொல்வேன். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அது கதையே அல்ல.

என் சித்தப்பா மகன் இதை ஏற்பதில்லை. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் ஆஸ்டேரியன், ஷேடோஹார்ட் என்று கூட வரும் தோழர்கள் யாரும் நம் பாலினத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். "ஆச்சி, வெளியே எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கிறது. இங்கேயாவது ஒரு பையன் பயமில்லாமல் ஒரு பையனிடம் போய்ப் பேசட்டுமே" என்றான். அவன் சொன்னது என்னைச் சும்மா விடவில்லை. உண்மையில் அடிபட்டு வருகிறவனுக்கு விளையாட்டிலும் ஓர் அடி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பையனுக்குத் தேவை டோரியனைப் போன்ற ஒருவன் என்றே இன்னமும் நம்புகிறேன். ஆடுபவர் யாராக இருந்தாலும் மாறாத, தன் இயல்பைத் தன் வாயால் சொல்கிற ஒருவன். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு விளையாட்டிலும் பலர் இருக்கவேண்டும். ஒரே ஒருவனை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது.

மறுக்கும் உரிமை ஆடுபவருக்கும் வேண்டும். 'அசாசின்ஸ் கிரீட்: ஒடிசி' 2018இல் வந்தபோது அலெக்சியோஸ், கசாண்ட்ரா (இவள் வேறு கசாண்ட்ரா) இருவரில் ஒருவரைத் தேர்ந்து, ஆணையோ பெண்ணையோ காதலிக்கலாம், யாரையும் காதலிக்காமலும் இருக்கலாம். 2019 ஜனவரியில் வந்த கூடுதல் அத்தியாயம் அதையெல்லாம் தூக்கி எறிந்தது. பெண்களை மட்டுமே காதலித்த கசாண்ட்ராவும் நட்டகாஸ் என்ற ஆணோடு குடும்பமாகி ஒரு குழந்தைக்குத் தாயாகவேண்டும். வம்சம் தொடரவேண்டுமாம். ஆடியவர்கள் கொதித்தெழுந்ததும் உருவாக்கியவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், சில வசனங்களைத் திருத்தினார்கள், அந்தக் கட்டத்தை முடித்தால் கிடைக்கும் பட்டத்தின் பெயரையும் மாற்றினார்கள். குழந்தை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு கசாண்ட்ரா தன் கப்பலில் ஏறிப்போகும் ஒரு முடிவை அவர்கள் எழுதவே இல்லை.